கொதிக்கவைப்பதை நிறுத்திய பிறகு

காலை ஆறு இருபது. லேபின் மாடிப்படியில் முதலில் கண்ணில் பட்டது ஒரு செருப்பு. இடது கால் செருப்பு. நீல வார், குதிகால் பக்கம் தேய்ந்தது. மேலேயிருந்து மூன்றாவது படியில் கிடந்தது. அதன் ஜோடியைப் படியில் எங்கும் காணோம்.

ஜோடி மேலே இருந்தது. காத்திருக்கும் பெஞ்சில் உட்கார்ந்து பேப்பர் படித்துக்கொண்டிருந்த ஒருவரின் வலது காலில் இருந்தது. இடது கால் வெறுமையாகத் தரையில் பதிந்திருந்தது. மார்கழிக் காலை, அப்போதுதான் தண்ணீர் விட்டுத் துடைத்த மொசைக் தரை. வேறு யாராக இருந்தாலும் காலைத் தூக்கியிருப்பார்கள்.

"அண்ணே, உங்க செருப்பு ஒண்ணு படியில கெடக்கு" என்றேன்.

அவர் குனிந்து காலைப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார். "எப்பக் கழண்டுச்சு?" என்று என்னிடமே கேட்டார்.

பக்கத்தில் இருந்த மனைவி எழுந்து செருப்பை எடுக்கப் போனார். போகும்போதே சொன்னார்: "இந்த வாரத்துல இது எத்தனாவதோ சார். ஆட்டோ ஸ்டாண்டுல எல்லாரும் கேலி பண்றாங்க. 'மாப்ள, செருப்பக் கயித்துல கட்டிக் கழுத்துல போட்டுக்க'ன்னு."

"கழுத்துலதான இப்ப பிரச்சினையே" என்று அவர் சிரித்தார்.

அது நான் வேலையில் இருந்த காலம். போன மாதம் பழைய இடத்தைப் பார்த்துவிட்டு வரலாம் என்று அதே பழங்காநத்தம் லேபுக்குப் போயிருந்தேன். ரத்தம் எடுக்கும் இடத்தில் புதிதாகச் சேர்ந்த பெண் ஒரு கேள்வி கேட்டார். பி-12 வைட்டமின் பரிசோதனைக்கு வருகிற ஒவ்வொருவரிடமும் 'செருப்பு கழன்று விழுந்தது தெரியாமல் நடந்திருக்கிறீர்களா?' என்று கேட்க வேண்டும் என்பது அங்கே விதி. கேட்டால் பலர் சிரிக்கிறார்களாம், சிலர் குடித்திருக்கிறாயா என்று கேட்பதாக எடுத்துக்கொண்டு கோபப்படுகிறார்களாம். விட்டுவிடலாமா என்றார். விடக்கூடாது என்று மட்டும் சொல்லிவிட்டு வந்தேன். மீதியை இங்கே எழுதுகிறேன்.

நான் படித்தது வேதியியல். படிப்பு முடிந்து ஒரு பத்திரிகை அலுவலகத்தில் பிழை திருத்தினேன். அதன் பிறகு லேப் டெக்னீஷியன் படிப்பு, அதன் பிறகு இந்த லேப். ஓய்வு பெறும்வரை வேறு எங்கும் போகவில்லை. என்னை வேலைக்கு எடுத்தவர் ரமாபாய் மேடம். உயிர்வேதியியலில் டாக்டர் பட்டம் பெற்றவர். மஹால் பக்கத்தில் சௌராஷ்டிரக் குடும்பம். என் சான்றிதழ்களைப் புரட்டிவிட்டு, "ப்ரூஃப் பாத்திருக்கீங்களா? அப்ப நாளைக்கே வாங்க" என்றார்.

அவருக்கு ஒரு வழக்கம் இருந்தது. எந்த எண்ணையும் கண்ணால் மட்டும் பார்த்துக் கையெழுத்துப் போடமாட்டார். ஒருவர் வாய்விட்டுப் படிக்க வேண்டும், மற்றவர் திருப்பிச் சொல்ல வேண்டும். எண் சரியாக இருந்து ஏதோ உறுத்தினால், "ஆள் எப்படி இருக்கார்?" என்று கேட்பார். லேபில் இருப்பவர்கள் ஆளைப் பார்ப்பதில்லை, குழாயைத்தான் பார்க்கிறோம். அந்தக் கேள்விக்குப் பதில் சொல்ல வேண்டும் என்பதற்காகவே நான் காலையில் பெஞ்சைச் சுற்றி ஒரு நடை நடப்பேன். மேடம் குரலை உயர்த்திப் பேசி நான் கேட்டதில்லை. 'தப்பு' என்ற வார்த்தையையும் அவர் சொல்லிக் கேட்டதில்லை. "இன்னொரு தடவை போடுங்க" என்பார். அவ்வளவுதான். குழாய்களை எண்ணும்போது மட்டும் உதட்டுக்குள் வீட்டு மொழியில் எண்ணுவார்.

நான் சேர்ந்த காலத்தில் பி-12 பார்ப்பது ஒரு முழுநாள் வேலை. இந்த வைட்டமின் ரத்தத்தில் தனியாக மிதப்பதில்லை. சில புரதங்கள் அதைப் பிடித்துக்கொண்டிருக்கும். அந்தப் பிடி சாதாரணப் பிடி அல்ல. நாள் முழுக்கக் காத்திருந்தாலும் விடாது. அளக்க வேண்டுமென்றால் அந்தப் பிடியை முதலில் உடைக்க வேண்டும். அதற்கு நாங்கள், ரத்தம் உறைந்த பிறகு மேலே தெளியும் சீரத்தைக் காரக் கரைசலில் கலந்து கொதிநீர்த் தொட்டியில் கால் மணி நேரம் வைப்போம். சூட்டில் புரதம் முட்டை வெள்ளைபோலத் திரிந்து, பிடித்ததை விட்டுவிடும். வைட்டமினுக்கு அந்தச் சூடு ஒன்றும் செய்யாது. வெளிச்சம்தான் அதற்கு ஆகாது. அதனால் அறை ஜன்னலில் கறுப்புக் காகிதம் ஒட்டியிருந்தோம்.

குழாய் மூடியைத் தளர்த்தி வைக்க வேண்டும். இறுக்கினால் வெடிக்கும். வெளியே எடுத்ததும் ஐஸில் வைக்க வேண்டும். ஆறிய பிறகுதான் அடுத்த பொருளைச் சேர்க்க வேண்டும். அது பன்றியின் வயிற்றிலிருந்து எடுத்த ஒரு புரதம். நம் வயிற்றிலும் அதேபோல ஒன்று உண்டு. சாப்பாட்டில் உள்ள பி-12 உடம்புக்குள் போவதே அதன் கையைப் பிடித்துக்கொண்டுதான். விடுபட்டு நிற்கும் வைட்டமினை இந்தப் பன்றிப் புரதம் பற்றிக்கொள்ளும். பிறகு அடையாளம் இட்ட பி-12-ஐச் சேர்த்து, அதற்குப் பற்ற எவ்வளவு இடம் மிச்சம் என்பதை வைத்து அளவைக் கணக்கிடுவோம்; இடம் குறைந்தால் ரத்தத்தில் வைட்டமின் அதிகம். ஆறுவதற்கு முன் சேர்த்தால் அந்தப் புரதமும் வெந்துபோகும், அன்றைய வேலை முழுவதும் வீண். மேடம் ஒவ்வொரு குழாயையும் மணிக்கட்டின் உள்பக்கம் வைத்துப் பார்த்துவிட்டு, "ம்" என்பார். அந்த 'ம்' வராமல் நான் சேர்த்ததில்லை.

பிறகு இயந்திரம் வந்தது. கொதிக்கவைக்கத் தேவையில்லை; ரசாயனமே பிடியை உடைத்துவிடும். பற்றிக்கொள்ள அதிலும் அதே பன்றிப் புரதம்தான். பொருத்த வந்த இன்ஜினியர், "இனிமே உங்களுக்கு அடுப்படி வேலை இல்ல சார்" என்று என் கையைக் குலுக்கினார். மேடம் உடனே ஒப்புக்கொள்ளவில்லை. ஒரு மாதம் எல்லாச் சீரத்தையும் பழைய முறை, புதிய முறை இரண்டிலும் போட வைத்தார். எல்லாம் ஒத்துப்போயின. அதன் பிறகுதான் கொதிக்கவைப்பதை நிறுத்தினோம். தொட்டி பின்னறைக்குப் போனது. கொஞ்ச நாளில் யாரோ அதில் டிபன் பாக்ஸைச் சூடு பண்ண ஆரம்பித்தார்கள். பிறகு எல்லாரும்.

அந்த ஒற்றைச் செருப்புக்காரர் பெயர் சோலைமலை. அவனியாபுரம் பக்கம் ஷேர் ஆட்டோ ஓட்டுகிறவர். நாற்பத்தைந்து வயது இருக்கும். மனைவி பேச்சியம்மாள் மடியில் ஸ்கேன் படம் வைத்த பெரிய பை. திங்கட்கிழமை கழுத்தில் ஆபரேஷன். அன்று வெள்ளிக்கிழமை. ஆபரேஷனுக்கு முன் பார்க்கும் வழக்கமான ரத்தப் பரிசோதனைகளுக்கு வந்திருந்தார்கள்.

"காலு ரெண்டும் பஞ்சுல வச்ச மாதிரி இருக்கு சார்" என்றார் சோலைமலை. "கழுத்து எலும்புக்கு நடுவுல டிஸ்க்கு நரம்ப அமுத்துதாம். அதான்."

"மூஞ்சி கழுவக் கண்ண மூடுனா விழுந்துருறாரு" என்றார் பேச்சியம்மாள். "மொதல்ல பாத்த டாக்டர் சத்துக் கொறச்சலா இருக்கும்னாரு. மூணு வாரத்துக்கு முன்ன இங்கதான் வந்து பாத்தோம். சத்தெல்லாம் நெறையா இருக்குன்னு வந்துச்சு. இருக்காதா பின்ன? வாரம் ரெண்டு நா ஈரல் செஞ்சு போடுறேன். அதுக்கப்பறந்தான் ஸ்கேன் எடுத்தாக."

"வண்டி யாரு ஓட்டுறா இப்ப?" என்று கேட்டேன்.

"நாந்தேன். வேற யாரு?" என்றார் சோலைமலை. "பிரேக்கு மேல காலு இருக்கான்னு ஒருவாட்டி குனிஞ்சு பாத்துக்குவேன். பாத்துட்டு மிதிச்சா ஒண்ணும் ஆவாது."

ரத்தம் கொடுத்துவிட்டுப் போனார்கள். நான் ஜன்னலில் நின்று பார்த்தேன். அவர் வண்டியைக் கிளப்பினார். பைபாஸ் பக்கம் திரும்புவதற்குள் இரண்டு முறை அவர் தலை குனிந்து நிமிர்ந்தது.

மேடம் எட்டு மணிக்கு வருவார். அதற்குள் ரத்த அணு எண்ணிக்கை வந்துவிட்டது. சிவப்பணுக்கள் இருக்க வேண்டிய அளவைவிடப் பெரியவை. ஸ்லைடு போட்டு வைத்தேன். மேடம் ஹெல்மெட்டைக் கழற்றி மேஜையில் வைத்ததும் வழக்கம்போல, "ஆள் எப்படி இருக்கார்?" என்றார். செருப்பைச் சொன்னேன். பிரேக்கைச் சொன்னேன். அவர் உட்காராமல் நின்றபடியே மைக்ராஸ்கோப்பில் கண்ணை வைத்தார். வெள்ளையணுவின் உட்கருவில் மூன்று, நான்கு மடல்கள் இருப்பது வழக்கம். அவர் உதட்டுக்குள் எண்ணினார். நின்றார். மறுபடி எண்ணினார்.

"ஆறு இருக்கு" என்றார் தமிழில். "இது பி-12 இல்லாத ரத்தம். நாம என்ன குடுத்திருக்கோம்?"

பழைய ரிப்போர்ட்டை எடுத்துப் படித்தேன். மேல் எல்லையைத் தொடும் அளவு. அவர் திருப்பிச் சொன்னார்.

ரத்தம் எடுக்கும் ஜெயந்தி, "அவர் ஊசி போட்டிருக்கார் மேடம். அன்னைக்கே கேட்டேன், போட்டேன்னார். அதான் கூடுதலா காட்டுது" என்றார்.

இது எங்களுக்குப் பழகிப்போன விளக்கம். இங்கே உடம்பு அசதி என்று போனால் தெருமுனை கிளினிக்கில் ஒரு சிவப்பு ஊசி போட்டு அனுப்புவார்கள். அது பி-12 ஊசி. மூன்று வாரத்துக்கு முன் அந்த எண்ணைப் பார்த்தபோதும் எங்கள் எல்லாருக்கும் அந்த விளக்கம் போதுமானதாக இருந்தது.

"என்ன ஊசி?" என்றார் மேடம்.

ஜெயந்தி அதைக் கேட்டு வைத்திருக்கவில்லை. மேடம் பேச்சியம்மாளுக்குப் போன் போட்டு ஸ்பீக்கரில் வைத்தார்.

"டி.டி. ஊசிம்மா. கால்ல ஆணி ஏறிருச்சுல்ல, அதுக்கு. ஏறுனது அவருக்கே தெரியல. பாயெல்லாம் ரத்தம். நாந்தேன் பாத்துட்டு கிளினிக்குக்குக் கூட்டிட்டுப் போனேன். ஏம்மா, ரத்தத்துல ஏதும்...?"

"ஒண்ணும் இல்ல. கூப்பிடுறேன்" என்று மேடம் வைத்துவிட்டார்.

சிலருக்கு உடம்பே தன் வயிற்றில் இருக்கும் அந்தப் பிடிப்புப் புரதத்துக்கு எதிராக ஆன்டிபாடியை உண்டாக்கிவிடுகிறது. அப்புறம் ஈரல் என்ன, எதைச் சாப்பிட்டாலும் பி-12 உள்ளே போகாது. நரம்பு உறை கரைய ஆரம்பிக்கும். இது மேடத்துக்கும் எனக்கும் தெரிந்ததுதான். அன்று அவர் யோசித்தது அதற்கு அடுத்த படியை. அதே ஆன்டிபாடி இயந்திரத்துக்குள் இருக்கும் பன்றிப் புரதத்தையும் விடாது, போய் அடைத்துக்கொள்ளும். பற்ற இடம் இல்லாததை இயந்திரம், வைட்டமின் நிறைந்துவிட்டது என்று படிக்கும். நோயாளிக்கு இந்த ஆன்டிபாடி எவ்வளவு அதிகமோ, ரிப்போர்ட் அவ்வளவு நன்றாக வரும். பழைய முறையில் இது நடக்காது. கொதிக்கும்போது ஆன்டிபாடியும் சேர்ந்து வெந்துவிடும். இரண்டு முறைகளையும் ஒப்பிட்ட அந்த ஒரு மாதத்தில் இப்படிப்பட்ட ரத்தம் ஒன்றுகூட வரவில்லை.

"தொட்டியை எடுங்க ராஜாராம்" என்றார்.

தொட்டிக்குள் ஒரு டிபன் பாக்ஸ் இருந்தது. விளிம்பைச் சுற்றி மஞ்சள் கோடு. ஜெயந்தி ஓடிவந்து பாக்ஸை எடுத்துக்கொண்டார். "அண்ணே, மேடம்ட்ட சொல்லிராதீங்க."

"வாசனையே சொல்லுதுல்ல" என்று உள்ளேயிருந்து மேடத்தின் குரல் வந்தது. "நேத்து புளிக்குழம்பு."

அதன் பிறகு அன்று அந்த லேபில் யாரும் சிரிக்கவில்லை.

தொட்டியை மூன்று முறை கழுவினேன். பழைய பரிசோதனை கிட் இப்போது கிடைக்காது. காரக் கரைசலை மட்டும் மேடம் தானே எடைபோட்டுக் கலந்தார். "உங்க ரத்தம் ஒண்ணு வேணும்" என்றார் என்னிடம். ஜெயந்தி எடுத்தார். என் சீரம் இரண்டு குழாய், சோலைமலையின் சீரம் இரண்டு குழாய். ஒவ்வொன்றிலும் ஒன்றைக் கொதிக்கவைப்போம், ஒன்றை அப்படியே விடுவோம். கொதித்ததால் மட்டுமே எண் மாறுகிறதா என்று தெரிய வேண்டுமல்லவா? என் இரண்டு குழாய்களும் ஒத்துவந்தால்தான் அவருடையதை நம்பலாம்.

நாள்பட்ட தொட்டி. தண்ணீர் கொதிக்க வெகுநேரம் எடுத்தது. கீழே ஷேர் ஆட்டோக்கள் ஆள் ஏற்றும் இடம். ஒவ்வொரு முறை பிரேக் சத்தம் கேட்கும்போதும் நான் ஜன்னலுக்குப் போனேன். மேடம் போகவில்லை. தெர்மாமீட்டரைப் பார்த்தபடி நின்றார். ஆனால் சத்தம் கேட்கும்போது அவர் கை மேஜை விளிம்பில் இறுகியதைப் பார்த்தேன்.

கொதித்தது. கால் மணி நேரம். ஜூஸ் கடையில் வாங்கிவந்த ஐஸில் வைத்தோம். இரண்டு சீரங்களும் பால் திரிந்ததுபோல வெளுத்திருந்தன. மேடம் குழாய்களை மணிக்கட்டில் வைத்துப் பார்த்தார். நான்கு வருடத்துக்குப் பிறகு அந்த 'ம்' வந்தது. சுழலவிட்டு, மேலே தெளிந்ததை எடுத்து, கொதிக்கவைக்காத குழாய்களோடு சேர்த்து இயந்திரத்தில் ஏற்றினேன்.

எண்கள் வந்தபோது மணி ஒன்றரை. நான் படித்தேன்.

என்னுடையது இரண்டும் ஏறக்குறைய ஒன்று. சோலைமலை, கொதிக்கவைக்காதது: மூன்று வாரத்துக்கு முன் வந்த அதே எண்தான். சோலைமலை, கொதிக்கவைத்தது: எண்ணே இல்லை. இயந்திரத்தால் அளக்க முடிகிற கடைசி அளவுக்கும் கீழே என்பதற்கான குறி மட்டும் இருந்தது.

மேடம் திருப்பிச் சொன்னார். பிறகு சர்ஜனுக்குப் போன் செய்தார். ஸ்பீக்கரில் போடவில்லை; ஆனாலும் அந்தச் சின்ன அறையில் சர்ஜனின் குரல் வெளியே கேட்டது.

"நார்மல்னு கையெழுத்துப் போட்டது நீங்கதானே மேடம்?"

"நான்தான் டாக்டர். அது தப்பு."

அந்த வார்த்தையை அப்போதுதான் முதல்முறை கேட்டேன். ஜெயந்தி என்னைப் பார்த்தார்.

"திங்கட்கிழமை தியேட்டர் போட்டாச்சு. படத்துல டிஸ்க் அமுத்துறது தெளிவா இருக்கு."

"இருக்கட்டும் டாக்டர். அந்த வயசுல நம்ம ரெண்டு பேருக்கும் படம் எடுத்தாலும் டிஸ்க் அமுத்தும். நீங்க மயக்கத்துக்கு நைட்ரஸ் ஆக்ஸைடு குடுப்பீங்களா?"

அந்த வாயு, உடம்பில் மிச்சம் மீதி இருக்கிற பி-12-ஐயும் வேலை செய்யாமல் ஆக்கிவிடும். இந்த நிலையில் இருப்பவருக்குக் கொடுத்தால், மேஜையில் ஏறும்போது நடந்தவர் இறங்கிய பிறகு நடக்காமல் போகலாம்.

"இப்ப செஞ்சது முறையான டெஸ்ட் இல்ல, ஒத்துக்கிறேன்" என்றார் மேடம். "ஆன்டிபாடிக்கு ரத்தம் இன்னைக்கே சென்னைக்குப் போகுது. அது வர வரைக்கும் கத்தி வேண்டாம். ஸ்லைடை நானே கொண்டு வாரேன். நீங்களே எண்ணிப் பாருங்க."

"கொண்டு வாங்க" என்றார் அவர். "ஆளையும் அனுப்புங்க. இன்னைக்கே ஊசி ஆரம்பிச்சிரலாம்."

ஆளைப் பிடிக்க முடியவில்லை. சோலைமலையின் போன் அடித்துக்கொண்டே இருந்தது. பேச்சியம்மாள், "வண்டியில இருப்பாரு சார். ஓட்டும்போது எடுக்கமாட்டாரு, அதுல ரொம்ப கரெக்டு" என்றார்.

அவனியாபுரம் ஸ்டாண்டுக்குப் போனேன். நாலைந்து டிரைவர்கள் நிழலில் நின்றிருந்தார்கள். "செருப்பா? ஏர்போர்ட் பக்கம் போயிருக்கு" என்றார் ஒருவர். அந்தப் பெயர்தான் அவருக்கு அங்கே. நின்றேன். இருபது நிமிடம் இருக்கலாம். வண்டி வந்தது. உள்ளே பள்ளிக்கூடம் விட்டு வரும் பிள்ளைகள், கூடையோடு இரண்டு பெண்கள். நிற்க வேண்டிய இடத்தைத் தாண்டி வந்து, முன்சக்கரம் நடைமேடைக் கல்லில் மோதி நின்றது. ஒரு கூடையிலிருந்து தக்காளி உருண்டது.

"என்ன மாப்ள, வண்டிய நிப்பாட்டுறியா, முட்ட விடுறியா?" என்று ஒருவர் கத்தினார்.

எல்லாரும் இறங்கும்வரை நான் பேசவில்லை. பிறகு கையை நீட்டினேன். "சாவியக் குடுங்கண்ணே."

"என்ன சார், கடன்காரன் மாதிரி வந்து சாவியக் கேக்குறீக?"

"ஆபரேஷன் இல்ல. வியாதி வேற. ஊசி போட்டா நிக்கும். இப்பவே போகணும்."

அவர் மற்ற டிரைவர்களைப் பார்த்தார். யாரும் கேலி பேசவில்லை. முன்பு கத்தியவரே வந்து சாவியை வாங்கிக்கொண்டார். "தள்ளி ஒக்காரு மாப்ள. நான் ஓட்டுறேன்."

சென்னையிலிருந்து முடிவு அடுத்த வாரம் வந்தது. ஆன்டிபாடி இருந்தது. அதற்குள் சோலைமலைக்கு நான்கு ஊசிகள் போட்டிருந்தார்கள்.

மேடம் அந்த வாரச் சனிக்கிழமை என்னிடம் ஒன்று கேட்டார். "இயந்திரம் வந்து எத்தனை வருஷம்?" நான்கு என்றேன். உயர்ந்த எண் வந்து, 'ஊசி போட்டிருப்பார்' என்று நாங்கள் அனுப்பிய வேறு ரத்தங்களும் இருந்திருக்கும். அவற்றை எடுத்துக் கொதிக்கவைக்க முடியுமா என்று பார்த்தோம். எங்கள் ஃப்ரீசரில் ஒரு வாரச் சீரம்தான் வைப்பது வழக்கம். அந்த ஒரு வாரத்தில் இருந்த அத்தனையையும் கொதிக்கவைத்தோம். எல்லாம் சரியாக இருந்தன. அதற்கு முந்தையவை இல்லை. அதன் பிறகு மேடம் சில நாள் ரிப்போர்ட்டில் கையெழுத்துப் போடும்போது, படித்துத் திருப்பிச் சொன்ன பின்னும் பேனாவைக் காகிதத்தில் வைக்காமல் பிடித்துக்கொண்டிருப்பார். செருப்புக் கேள்வி அந்த நாட்களில்தான் வந்தது. அதோடு, ஊசி போட்டேன் என்று சொன்னால், என்ன ஊசி என்று கேட்கும் வழக்கமும்.

இப்போதைய இயந்திரங்கள் இந்தத் தடையைப் பெரும்பாலும் சமாளித்துவிடுகின்றன என்கிறார்கள். பெரும்பாலும் என்ற வார்த்தையை அவர்களேதான் சொல்கிறார்கள். தொட்டி பின்னறையில் இருக்கிறது. அதில் யாரும் சாப்பாடு வைப்பதில்லை.

சோலைமலைக்கு முழங்கால் வரை உணர்வு மூன்று மாதத்தில் திரும்பியது. கண்ணை மூடி முகம் கழுவ முடிந்தது. பாதத்துக்குத் திரும்பவில்லை, நரம்பு அதற்குள் போய்விட்டது என்றார்கள். வண்டியை மச்சினன் ஓட்டுகிறார். இவர் அவனியாபுரத்தில் ஒரு ஒர்க்‌ஷாப்பில் ஆட்டோ சீட் தைக்கிறார். மாதம் ஒரு ஊசி, ஆயுசுக்கும்.

போன மாதம் நான் லேபுக்குப் போன அன்று அவரும் ரத்தம் கொடுக்க வந்திருந்தார். கம்பியைப் பிடித்து, ஒவ்வொரு படியையும் பார்த்து ஏறினார். இரண்டு செருப்பிலும் குதிகாலுக்குப் பின்னால் ஆட்டோ சீட் ரெக்சினில் வார் வைத்துத் தைத்திருந்தார்.